ஒரே எடை, ஒரே தடிமன், வேறு குணம்: இழைப்பொருள்களை முப்பரிமாணத்தில் அளப்பது எப்படி?

இரண்டு தாள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே இழை, ஒரே விட்டம். எடை ஒன்று, தடிமனும் ஒன்று. ஆனால் ஒன்றின் வழியே காற்று சுலபமாகப் போகிறது, இன்னொன்றில் தயங்குகிறது. ஒன்றை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பலம். இன்னொன்று நீளவாக்கில் தாங்குகிறது, குறுக்கே இழுத்தால் பிய்ந்துபோகிறது.

இதற்கு விடை வேதியியலில் இல்லை. இழைகள் எந்தத் திசையில் கிடக்கின்றன, எங்கே கொத்தாகக் கூடியிருக்கின்றன, எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன, நடுவில் எவ்வளவு வெற்றிடம் என்பதில்தான் இருக்கிறது. இந்தக் கிடப்பைத்தான் நுண்ணமைப்பு என்கிறோம். அதைப் பிரிக்காமல், வெட்டாமல் பார்க்க உதவுவது முப்பரிமாணப் படமெடுப்பு. வடிகட்டி, மின்கலம், விமானப் பாகம் பற்றிய செய்திகளில் வண்ண வண்ணமாக நூல்கள் பின்னிக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். படம் அழகுதான். ஆனால் அந்தப் படத்திலிருந்து எடுத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றியது.

அளவுகளைப் பிடித்துக்கொள்வோம்

காகிதம், கம்பளி, நெய்யாத துணி, முகக்கவசத்தின் வடிகட்டி அடுக்கு, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக், கார்பன் இழைத் தகடு எல்லாமே இழைப்பொருள்கள்தாம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி சுமார் 50 முதல் 100 மைக்ரான். காகிதத்தின் மர இழை 20 முதல் 40 மைக்ரான் அகலம், நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கண்ணாடி இழை 10 முதல் 20 மைக்ரான். கார்பன் இழை 5 முதல் 7. உருக்கி ஊதித் தயாரிக்கும் வடிகட்டி இழை ஒன்று முதல் ஐந்து மைக்ரான்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. இழை மெல்லியது, ஆனால் நீளமானது. விட்டத்தைப் பார்க்க நுணுக்கமான கண் வேண்டும். நீளத்தைப் பார்க்க அகலமான கண் வேண்டும். இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்து வருவது அபூர்வம். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

வெட்டிப் பார்த்தால் போதாதா?

பல காலம் அப்படித்தான் செய்தார்கள். பொருளை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வோர் இழையும் ஒரு புள்ளியாகத் தெரியும். இழை வெட்டுக்கு நேர் செங்குத்தாக நின்றால் வட்டம், சாய்ந்திருந்தால் நீள்வட்டம். நீள்வட்டம் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதிலிருந்து சாய்வைக் கணக்கிடலாம். எளிமையான முறை, செலவும் குறைவு. ஆனால் மூன்று இடங்களில் காலை வாரிவிடும்.

1. இடமா வலமா என்று தெரியாது. இடப்பக்கம் 30 பாகை சாய்ந்த இழையும் வலப்பக்கம் 30 பாகை சாய்ந்த இழையும் ஒரே நீள்வட்டத்தைத்தான் காட்டும்.

2. எண்ணிக்கை ஒருதலைப்பட்சமானது. வெட்டுக்கு நிமிர்ந்து நிற்கும் இழை கத்தியில் அதிகம் மாட்டும். படுத்திருக்கும் இழை தப்பிவிடும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த நீண்ட இழை வெட்டில் அகப்படும் வாய்ப்பு, நிமிர்ந்து நிற்கும் இழைக்கு இருப்பதில் பாதிதான். இதைத் திருத்தாமல் எண்ணினால் எல்லா இழைகளும் நிமிர்ந்தே நிற்பதுபோல் தோன்றும்.

3. சிறிய சாய்வுகளில் முறையே செத்துப்போகிறது.

மூன்றாவதைச் சற்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நடைமுறையில் மிக முக்கியமான இடம் அதுதான். ஒரே திசையில் கார்பன் இழைகள் அடுக்கிய தகட்டை நீளவாக்கில் அழுத்தினால், இழைகள் நேராக இருக்கும்வரை தாங்கும். கொஞ்சம் கோணியிருந்தாலும் அங்கே மடிந்து உடைகிறது. 1972-ல் ஆர்கன் என்ற ஆய்வாளர் கொடுத்த எளிய சூத்திரப்படி, அழுத்தத்தைத் தாங்கும் பலம் இந்தக் கோணலுக்கு எதிர்விகிதத்தில் போகிறது. கோணல் ஒரு பாகையிலிருந்து இரண்டு பாகை ஆனால் பலம் பாதி. ஆக, ஒரு பாகை வித்தியாசத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

இப்போது 7 மைக்ரான் இழை 2 பாகை சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். வெட்டில் தெரியும் நீள்வட்டத்தின் நெடிய அச்சு, குறுகிய அச்சைவிட 0.0006 பங்குதான் அதிகம். அதாவது சுமார் 4 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் இது தெரிய வழியே இல்லை. வேண்டுமென்றே சாய்த்து வெட்டி வித்தியாசத்தைப் பெரிதாக்கும் உத்தி உண்டு. அதற்கும் வெட்டிய கோணம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே இழையை முப்பரிமாணப் படத்தில் 500 மைக்ரான் தூரம் பின்தொடர்ந்து போனால், 2 பாகைச் சாய்வு அதை 17 மைக்ரான் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கும். இழையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மங்கலான படத்தில்கூட இது பிடிபடும். வெட்டில் இழையின் வடிவத்தைப் பார்க்கிறோம். முப்பரிமாணத்தில் அது போகும் பாதையைப் பார்க்கிறோம்.

எக்ஸ்ரே நிழல் எப்படிக் கன உருவம் ஆகிறது?

ரான்ட்கன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டார். நிழல்களிலிருந்து உள்ளமைப்பை மீட்டெடுக்க முடியும் என்பதற்கான கணிதத்தை ரேடான் 1917-ல் எழுதினார். மருத்துவ சிடி ஸ்கேனை ஹவுன்ஸ்ஃபீல்ட் 1971-ல் நோயாளிமீது பயன்படுத்திக் காட்டினார். அவருக்கும், அதற்கான கணக்கைத் தனியாகப் போட்டிருந்த கார்மக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. மைக்ரோ சிடி என்பது அதே யோசனைதான், ஆளுக்குப் பதில் தீக்குச்சித் தலை அளவுக்குச் சின்னத் துண்டு. இன்னொரு மாற்றம்: மருத்துவமனையில் கருவி ஆளைச் சுற்றும், இங்கே துண்டு தன் இடத்திலேயே சுழலும்.

நடப்பது இதுதான்:

1. துண்டை ஊசிமுனை போன்ற தாங்கியில் ஒட்டிச் சுழல்மேடையில் வைக்கிறார்கள்.

2. கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஒவ்வொரு கோணத்திலும் ஒரு நிழற்படம் எடுக்கிறார்கள். உணரியின் அகலம் 2000 பிக்சல் என்றால், கணிதப்படி 3000 படங்களுக்குப் பக்கத்தில் வேண்டும். இது பல மணி நேரம் ஓடலாம்.

3. எல்லா நிழல்களையும் சேர்த்து, துண்டின் ஒவ்வொரு சின்னக் கனசதுரமும் எவ்வளவு எக்ஸ்ரேயை விழுங்கியது என்று கணினி கணக்கிடுகிறது. அந்தக் கனசதுரம்தான் வோக்சல், அதாவது பிக்சலின் முப்பரிமாண அண்ணன்.

4. கிடைப்பது ஒரு சாம்பல்நிறக் கனம். பக்கத்துக்கு 2000 வோக்சல் என்றால் மொத்தம் 800 கோடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வைத்தால் 16 ஜிபி.

இழைப்பொருளுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. பஞ்சு போன்ற துண்டு ஸ்கேன் ஓடும்போதே மெல்ல அமுங்கும். அறையின் ஈரப்பதம் மாறினால் காகிதம் ஊதும் அல்லது சுருங்கும். நகர்வு இரண்டு மைக்ரான்தான் என்றாலும் இழையின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். துண்டைக் கத்தரித்து எடுக்கும்போதே ஓரத்து இழைகள் நசுங்கிவிடுவதால், ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் அளப்பது நல்லது. அப்புறம் வளையம்: உணரியில் ஒரு பிக்சல் பழுதானால் படத்தில் வட்ட வளையமாக விழும். எலும்பின் படத்தில் அதை எவரும் கண்டுபிடித்துவிடுவார். இழைகளின் படத்தில் வளையத்தின் ஒரு துண்டு, வளைந்த இழை மாதிரியே இருக்கும். மென்பொருள் அதையும் கூசாமல் இழையாக எண்ணிவிடும்.

கார்பன் இழைத் தகட்டில் சிக்கல் வேறு. கார்பனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம், சுற்றியுள்ள எபாக்சி பிசின் 1.2. இரண்டும் எடை குறைந்த தனிமங்களால் ஆனவை, எக்ஸ்ரேக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். இங்கே எக்ஸ்ரே எவ்வளவு குறைந்தது என்பதைவிட அதன் அலை எவ்வளவு விலகியது என்று பார்க்கும் கட்ட வேறுபாட்டு முறை கைகொடுக்கிறது. சின்க்ரோட்ரான் எனும் பெரிய முடுக்கி வளையங்களில் இது சிறப்பாக வரும், நேரமும் மணிகளிலிருந்து நிமிடங்களுக்கும் விநாடிகளுக்கும் இறங்கும். சில நூறு நானோமீட்டர் இழைகள் என்றால் ஆய்வக மைக்ரோ சிடியை மறந்துவிடலாம். அயனிக்கற்றையால் சீவிச் சீவி மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் முறை இருக்கிறது, ஆனால் அது துண்டை அழித்துவிடும். பார்க்கக் கிடைப்பதும் சில பத்து மைக்ரான் அகலம்தான்.

நுணுக்கமா, அகலமா?

இழையின் விட்டத்துக்குக் குறுக்கே ஐந்தாறு வோக்சலாவது விழுந்தால்தான் வடிவத்தைப் பற்றிப் பேசலாம். 7 மைக்ரான் இழைக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான் வோக்சல். 2000 வோக்சல் அகலம் என்றால் மொத்தப் பார்வை 2 மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

இது போதுமா என்பது பொருளைப் பொறுத்தது. இழைகள் சீராகப் பரவியிருந்தால் போதலாம். காகிதத்தில் இழைகள் மில்லிமீட்டர் கணக்கில் கொத்துக் கொத்தாகச் சேரும். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மேகம் போல் தெரிவது அதுதான். இரண்டு மில்லிமீட்டர் துண்டு ஒரு கொத்தின் நடுவே விழலாம், இரண்டு கொத்துகளின் இடைவெளியிலும் விழலாம். அதனால் அளக்கும் கனத்தைச் சிறிதிலிருந்து பெரிதாக்கிக்கொண்டே போய், எண் ஆட்டம் நின்று நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலைக்கவில்லை என்றால் பல துண்டுகளை ஸ்கேன் செய்வதைத் தவிர வழியில்லை. ஒரே ஒரு துண்டின் எண்ணைத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம்வரை எழுதுவது வெறும் பகட்டு.

நீளத்தை அளக்கும்போது இன்னொரு தவறு நுழைகிறது. பார்வைக்குள் முழுதாக அடங்கும் இழைகளை மட்டும் எண்ணினால், நீண்ட இழைகள்தான் அதிகம் விடுபடும், ஏனென்றால் ஓரத்தில் வெட்டுப்படும் வாய்ப்பு அவற்றுக்கே கூடுதல். சராசரி நீளம் உண்மையைவிடக் குறைவாக வரும்.

சாம்பல் நிறத்தில் எங்கே கோடு போடுவது?

எல்லா எண்களையும் தீர்மானிக்கும் படி இதுதான், அறிக்கைகளில் ஒற்றை வரியில் கடந்துபோவதும் இதைத்தான். ஸ்கேனில் இழை வெள்ளை, காற்று கறுப்பு என்று சுத்தமாகப் பிரிந்து வருவதில்லை. விளிம்பில் விழும் வோக்சலில் பாதி இழை, பாதி காற்று, அது சாம்பல். எந்தச் சாம்பல்வரை இழை என்று எடுத்துக்கொள்வது? அந்த எல்லை மதிப்பை யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், முடிவு செய்கிறது.

1979-ல் ஓட்சு கொடுத்த தானியங்கி முறை இன்றும் பரவலாக இருக்கிறது. எந்தச் சாம்பலில் எத்தனை வோக்சல் என்று காட்டும் வரைபடத்தில் இரண்டு மேடுகள் இருந்தால் நடுவில் கோடு போட்டுவிடும். ஆனால் மென்மையான இழைப்பொருளில் திடப்பங்கு, அதாவது மொத்தக் கனத்தில் இழை பிடிக்கும் பங்கு, 5, 10 சதவீதம்தான். காற்றின் பெரிய மேட்டோரம் இழை ஒரு சிறு தோளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே இந்த முறை தடுமாறும்.

தடுமாறினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலிபுரோப்பிலீன் இழைத்தாள், தடிமன் அரை மில்லிமீட்டர், சதுர மீட்டருக்கு 90 கிராம். பாலிபுரோப்பிலீன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம். வெற்றிடமே இல்லாத தாளாக இருந்தால் எடை 450 கிராம் வரும். ஆகவே உண்மையான திடப்பங்கு 20 சதவீதம். இழை விட்டம் 10 மைக்ரான், வோக்சல் ஒரு மைக்ரான்.

இப்போது எல்லை மதிப்பு கொஞ்சம் தளர்ந்து, இழையின் இரு பக்கமும் அரை வோக்சல் கூடிவிட்டது.

- விட்டம் 10 அல்ல, 11 மைக்ரான்.
- குறுக்குப் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது, திடப்பங்கு 24.2 சதவீதம் ஆகிறது.
- வெற்றிடம், அதாவது துளைமை, 80-லிருந்து 75.8 சதவீதமாக இறங்குகிறது. இதுவரை பெரிய விஷயமாகத் தோன்றாது.
- துளைமையையும் இழை விட்டத்தையும் வைத்து ஊடுருவுதிறனைக் கணிக்கும் கோசனி–கார்மன் சமன்பாட்டில் போட்டால், காற்றோ நீரோ கடந்துபோகும் ஊடுருவுதிறன் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது.

திரையில் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஊடுருவுதிறன் எண்ணில் மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

இதைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு தராசு போதும். ஸ்கேனிலிருந்து கிடைத்த 24.2 சதவீதத்தை எடையாக மாற்றினால் சதுர மீட்டருக்கு 109 கிராம் வருகிறது. தராசு 90 என்கிறது. கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது, திரும்பப் போடு என்று அர்த்தம். ஸ்கேன் செய்த அதே துண்டை எடைபோட்டு, தடிமனையும் ஸ்கேனிலிருந்தே எடுப்பது நல்லது. மெத்தென்ற தாளின் தடிமனைத் தனியாக அளக்கப் போனால் அளவுமானி அமுக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப அது மாறும். இந்த ஒரு சோதனையைச் செய்ததாகச் சொல்லாத அறிக்கையின் துளைமை எண்ணை நான் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது எல்லை போடும் வேலையை நரம்பு வலையமைப்பு மென்பொருள்களும் செய்கின்றன. தொட்டுக்கொண்டிருக்கும் இழைகளைப் பிரிப்பதில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்க, மனிதர் கையால் வரைந்த விளிம்போ கணினியில் உருவாக்கிய போலி இழைப்படமோ வேண்டும். வரைந்தவர் அரை வோக்சல் தாராளமாக வரைந்திருந்தால் மென்பொருளும் அதே தாராளத்தைக் காட்டும். தராசு இங்கேயும் தேவைதான்.

திசையை எண்ணாக்குவது

இழைகளைப் பிரித்தாயிற்று. இவை எந்தப் பக்கம் கிடக்கின்றன என்பதை எப்படிச் சொல்வது? சராசரி எடுக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் இழைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரே இழையை இடமிருந்து வலமாகவும் சொல்லலாம், வலமிருந்து இடமாகவும் சொல்லலாம். அம்புக்குறிகளாக வைத்துக் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் வந்துவிடும்.

அதனால் திசையின் கூறுகளை ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி எடுக்கிறார்கள்; எதிர்க்குறி அடிபட்டுப்போகும். இதற்குத் திசையமைவு டென்சர் என்று பெயர். 1987-ல் அத்வானியும் டக்கரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவலானது. நடைமுறையில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: நீளவாக்கு, குறுக்குவாக்கு, தடிமன்வாக்கு. மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் 1.

- எல்லாம் நீளவாக்கில் கிடந்தால்: 1, 0, 0.
- தாளுக்குள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தால்: 0.5, 0.5, 0.
- முப்பரிமாணத்திலும் முற்றிலும் சிதறியிருந்தால்: மூன்றும் 0.33.

வார்ப்பு பிளாஸ்டிக்கில் இது பளிச்சென்று தெரியும். அச்சின் சுவரை ஒட்டிய அடுக்கில் கண்ணாடி இழைகள் உருகிய பிளாஸ்டிக் ஓடிய திசையில் படுத்திருக்கும். நடு அடுக்கில் குறுக்கே திரும்பியிருக்கும். மொத்தப் பாகத்துக்கும் ஒரே சராசரி சொன்னால் இந்த அடுக்கு மாற்றம் மறைந்துவிடும். எனவே தடிமன் ஊடே அடுக்கடுக்காக எண்ணைக் கேட்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. தாளுக்குள் சிதறிக் கிடக்கும் இழைகளுக்கு 0.5, 0.5, 0 என்று பார்த்தோம். பாதி இழை நீளவாக்கிலும் பாதி குறுக்குவாக்கிலும் சதுரக் கட்டமாக அடுக்கினாலும் அதே 0.5, 0.5, 0-தான் வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மூலைவாட்டில், அதாவது 45 பாகையில் இழுத்தால், முதலாவது முன்போலவே தாங்கும். கட்டம் நெகிழ்ந்து கொடுக்கும். இதைப் பிரித்துச் சொல்ல, திசைக் கூறுகளை நான்கு நான்காகப் பெருக்கிச் சராசரி எடுக்கும் நாலாம் படி டென்சர் வேண்டும், அல்லது கோணப் பரவலின் வரைபடத்தையே அப்படியே காட்ட வேண்டும். மூன்று எண்களை மட்டும் வைத்து இரண்டு பொருள்கள் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது.

தொடும் இடங்கள்

கம்பளியை அமுக்கினால் முதலில் எளிதாக அமுங்கும், பிறகு சட்டென்று விறைத்துக்கொள்ளும். 1946-ல் வான் விக் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: ஒவ்வோர் இழையும் இரண்டு தொடுபுள்ளிகளுக்கு நடுவே வளையும் சின்ன உத்தரம். அமுக்க அமுக்கத் தொடுபுள்ளிகள் பெருகும், உத்தரம் குட்டையாகும், வளைப்பது கஷ்டமாகும். அவர் கணக்கின்படி அழுத்தம் திடப்பங்கின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. மிகத் தளர்வாகக் கிடந்த கம்பளியோடு ஒப்பிட்டால், திடப்பங்கு இரட்டித்தால் அழுத்தம் ஏறக்குறைய எட்டு மடங்கு. தொடுபுள்ளி ஒன்றையும் கண்ணால் பார்க்காமல் எழுதியது இது. இன்று துண்டைச் சிறிய அழுத்தியில் வைத்து, படிப்படியாக அமுக்கி, ஒவ்வொரு படியிலும் ஸ்கேன் எடுத்து அந்தப் புள்ளிகளை எண்ணலாம்.

எண்ணலாம் என்றாலும், தொடுவது எது என்று முடிவு செய்வது வோக்சல்தான். இரண்டு இழைகளுக்கு நடுவே அரை மைக்ரான் இடைவெளி இருந்து, வோக்சல் ஒரு மைக்ரான் என்றால், படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே தெரியும். வோக்சல் பெரிதாக ஆக, தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை ஏறும். ஆகவே வெவ்வேறு வோக்சலில் எடுத்த இரண்டு ஆய்வுகளின் தொடுபுள்ளி எண்களை நேராக ஒப்பிட முடியாது.

காகிதத்தில் இது இன்னும் ஒரு படி ஆழம். தாளுக்குப் பலம் தருவது இழைகள் தொட்டுக்கொண்டிருப்பது அல்ல, குறுக்கிடும் இடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டியிருப்பது. அந்தப் பிணைப்பு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நடக்கிறது. ஒட்டிய இழைச்சோடியும் சும்மா உரசிக் கிடக்கும் இழைச்சோடியும் மைக்ரோ சிடியில் ஒரே வெள்ளைத் திட்டுதான். எத்தனை இடத்தில் இழைகள் சந்திக்கின்றன என்று ஸ்கேன் சொல்லும். அவற்றில் எத்தனை பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிய, அதே தாளை இழுத்துக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும்.